சம்யுக்தா மேடம் திரும்பிப் பார்த்தபோது

பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியில் வந்து நிற்கும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஆடி மாதத்தில் இந்த ஊருக்குச் சாரல் ஒரு செய்தியே இல்லை. குடை விரிக்கிறவனை வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆவுடைத்தாய் குடை விரிக்கவில்லை. ஆனால் முகம் தெரியாமல் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அது பலிக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் முதல் வண்டிக்காரரே பிடித்துவிட்டார்.

"ஏயப்பா, நம்ம சம்யுக்தா மேடம்லா! இலஞ்சி நல்லதம்பி அண்ணாச்சி மவதானே நீங்க? சனிக்கெழம ஒம்பதரை ஆச்சுன்னா எம் பொஞ்சாதிக்கு அடுப்பு, சட்டி ஒண்ணும் ஞாபகம் இருக்காது. ஒரே ஒரு மட்டம் அந்த வசனத்தச் சொல்லுங்க மேடம். போன்ல பதிஞ்சிக்கிடுதேன்."

அவள் சொன்னாள். சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. தலையை இடப்பக்கமாய்ச் சாய்த்து, உதட்டைப் பிரிக்காமல் ஒரு சிரிப்புச் சிரித்து, "இது உங்க நல்லதுக்குத்தான்" என்றாள். ஆட்டோக்காரர் தொடையில் அடித்துச் சிரித்தார். இலஞ்சி வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார்.

'ஆளுக்கொரு ஆலோசனை' என்பது தொடரின் பெயர். கம்பெனிகளைச் சீர்படுத்துகிறேன் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வரும். மூன்று நாள் தங்கும், வயிறாரச் சாப்பிடும், சுவரில் படம் காட்டும். கடைசியில் பிஸ்கட் கம்பெனியானாலும் பிரம்பு நாற்காலிக் கடையானாலும் ஒரே யோசனையைச் சொல்லும்: ஆளைக் குறை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவிதான் சம்யுக்தா மேடம். வேலை போகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போய்விட்டது என்று சொல்வது அவள் பொறுப்பு. ஒன்பது வருஷம் கதாநாயகிக்குத் தோழியாகக் காபித் தட்டு ஏந்திய ஆவுடைத்தாய்க்கு இந்த ஒரு வேஷத்தில் பேர் வந்துவிட்டது. பத்திரிகையில் படம் வந்தது. இலஞ்சியில் அவள் அப்பா டீக்கடைக்குப் போனால் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

அந்த அப்பாவுக்குத்தான் இப்போது வேலை போயிருந்தது. "அப்பாவ வேலையில இருந்து நிறுத்திட்டாவ. வந்துட்டுப் போட்டி. மத்ததெல்லாம் வந்து கேட்டுக்க" என்று மட்டும் அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அம்மா சங்கரம்மாள் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இலையை வெட்டி, தூளை உதறிவைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, அடுத்த இலை. யார் வந்தாலும் போனாலும் அந்தக் கை நிற்காது. நல்லதம்பி ஜன்னல் பக்கமாக பிளாஸ்டிக் சேரில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். விட்டதும் அவை பழையபடி விரிந்துகொண்டன.

"வந்துட்டியா தாயி" என்றார். "சாரல்ல நனஞ்சிருக்க. தலையத் தொவட்டு மொதல்ல."

நல்லதம்பி நாற்பது வருஷமாகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர். முதலில் மெயினருவிப் பக்கம் பாறையில் தேய்த்தார். பிறகு பதினாலு வருஷம் ஐந்தருவி ரோட்டில் 'சாரல் நிழல்' ரிசார்ட்டில் மாதச் சம்பளம். நீல பனியன், அதில் நம்பர். அவர் ஒன்பது. அவருடைய கைக்கு எவ்வளவு பேரோ அவ்வளவு பேர் அவருடைய வாய்க்கும் உண்டு. எந்த ஊர், என்ன வெள்ளாமை, மருமகன் குடிக்கிறானா, எந்த மூட்டு பிடிக்கிறது என்று தலைமாட்டில் நின்று பேச ஆரம்பித்தால், படுத்தவனுக்குப் பாதி அலுப்பு பேச்சிலேயே இறங்கிவிடும்.

போன வருஷம் தை மாதம் வாதம் வந்து வலது கை விழுந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றவரை விடவில்லை கூட்டாளிகள். மாடன், முத்துச்செல்வம், கடற்கரை, மூன்று பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். குப்புறப் படுத்துக் கண்ணை மூடியவனுக்கு முதுகில் ஓடுகிற கை எவனுடையது என்று என்ன தெரியும்? நல்லதம்பி எண்ணெயைச் சூடு பண்ணுவார், ஆளைப் படுக்கவைப்பார், தலைமாட்டில் நின்று பேசுவார். மூன்று பேரில் எவனுக்குக் கை ஒழிகிறதோ அவன் பூனைபோல வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போவான். ஒருத்தர் வாய், இன்னொருத்தர் கை. ஒன்றரை வருஷம் இது நடந்தது. ஒரு குறை வரவில்லை. ஒன்பதாம் நம்பரின் கைக்கு இந்த வயதிலும் என்ன பலம் என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள்கூட உண்டு.

"எப்படித் தெரிஞ்சிதுப்பா?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

"எப்படித் தெரியும்? எவனோ சொன்னாத்தான் தெரியும். மொதலாளி கம்பெனியச் சீர்பண்ண ஆள் கூட்டியாந்துருக்காருன்னாவ. ஒங்க நாடகத்துல வருமே, அதே மாதிரி ஒரு கூட்டம். நாங்ககூடச் சொல்லிச் சிரிச்சோம், எங்கல சம்யுக்தா மேடத்தக் காணும்னு. அதுல ஒரு பையன், முப்பது வயசு இருக்கும். ஒம்பதாம் நம்பர்தான் வேணும்னு சீட்டு வாங்கிட்டு வந்து படுத்தான். நான் தலமாட்டுல நின்னு எந்தூரு தம்பின்னு கேட்டுட்டுருக்கேன். முத்துச்செல்வம் வந்து முதுகுல கைய வச்சான். ரெண்டு இழுப்பு இழுத்திருக்க மாட்டான். அந்தப் பய ஒடம்ப அசைக்கல. தலைய மட்டும் இந்தா, இப்படி..."

நல்லதம்பி செய்து காட்டினார். உடம்பு அசையாமல், தலை மட்டும் மெதுவாகத் திரும்பி, ஒரு கண் முதலில் திறந்து, பிறகு மற்றது திறந்து, கடைசியில் உதட்டைப் பிரிக்காத ஒரு சிரிப்பு.

அந்தத் திரும்பலை ஆவுடைத்தாய் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் படுத்துப் பழகியிருந்தாள்.

நடந்தது இதுதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஷூட்டிங் இடைவேளையில் டைரக்டர், வேலை செய்யும் இடத்தில் நடக்கிற ஏமாற்று வித்தை எதுவாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று எல்லாரையும் கேட்டார். அவள் அப்பாவின் கதையைச் சொன்னாள். ஏமாற்று என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் பாருங்கள் என்று பெருமையாகத்தான் சொன்னாள். கேட்டவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் அது ஏழாவது பாகமாக எழுதப்பட்டு வந்தது. சம்யுக்தா மேடம் வாடிக்கையாளர்போல வந்து படுத்து, திரும்பிப் பார்த்துப் பிடிக்கிற காட்சி. வேண்டாமே என்று ஒரு முறை சொன்னாள். ஊரைக் கொடைக்கானலாக்கினார்கள், ஒன்பதைப் பதினொன்றாக்கினார்கள். அவள் நடித்தாள். நன்றாக நடித்தாள். அந்தத் துண்டுதான் போன் போனாகச் சுற்றியது.

அது ஒளிபரப்பான சனிக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் பண்பொழி மலைக்கு அனுப்பிவைத்ததும் அவள்தான். எனக்காகத் திருமலைக்குமரனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணுங்க, ராத்திரி அத்தை வீட்டில் தங்கிட்டு வாங்க என்று போனில் கெஞ்சினாள். அத்தை வீட்டில் டிவி ரிப்பேர் என்பது அவளுக்குத் தெரியும்.

"சட்டையக் கழத்திக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாம்ட்டி" என்றாள் சங்கரம்மாள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒத்தக் கையால கழத்த வருமா இவுகளுக்கு? அவனே கழத்தி விட்டானாம். துண்டு ஒண்ணப் போத்திட்டு ஐந்தருவியில இருந்து சாரல்ல நடந்தே வந்தாவ."

"கழத்தையில என்ன சொன்னாந் தெரியுமா?" என்றார் நல்லதம்பி. "இது உங்க நல்லதுக்குத்தான், ரெஸ்ட் எடுங்கன்னான். ஒன் வசனந்தான். நீ சொன்னா சிரிப்பா வருது."

முத்துச்செல்வத்துக்கும் அன்றைக்கே வேலை போனது. கடற்கரை வேறொரு படுக்கையில் இருந்ததால் தப்பினார். மாடன் மட்டும் அன்றைக்கு லீவு, ஆய்க்குடியில் ஒரு சடங்கு வீடு. அதுதான் நல்லதம்பியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"ஒவ்வொரு நாளும் மொதப் படுக்கைக்கு வாறவன் அவன். அன்னைக்குன்னு பாத்து லீவு. நாப்பது வருசம் ஒரே பாறையில நின்னவம்ட்டி! போயிக் கேட்டேன். ஏல, நீயா சொன்னன்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. தலையக் குனிஞ்சிட்டு நிக்கான். இது போதாதா? அவன் மவ ஜெயபிரியாவுக்கு நாந்தானே புளியங்குடியில பேசி முடிச்சேன், சுடலைமுத்து அண்ணாச்சி பையனுக்கு. வருசா வருசம் எங்கிட்ட எண்ண தேய்க்க வாற மனுசன், எம் பேச்ச நம்பித்தானே சம்மதிச்சாவ? நாளைக்கு பஸ் ஏறப்போறேன். கூட இருந்தே காட்டிக்குடுக்க குடும்பம், பொண்ணெடுக்காதியன்னு நேர்ல சொல்லிட்டு வாறேன்."

"அந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சிது" என்றாள் சங்கரம்மாள்.

"நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அதற்கு அந்த வீட்டில் பதில் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பஸ் ஏறிக் குற்றாலம் போனாள். சீசன் கூட்டம். ரோட்டோரமெல்லாம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருந்தார்கள். ஈரத்துணியோடு போகிறவர்கள் நின்று அவளைப் படம் எடுத்தார்கள். ரிசார்ட் பின்வாசலில் மாடன் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். கையை எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் வாடை போவதில்லை.

"சித்தப்பா" என்றாள்.

அவர் அவளைப் பழக்கடைக்குப் பின்னால், ஆள் இல்லாத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஒங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?"

"தெரியும். லீவு முடிஞ்சி வந்த அன்னைக்கு அந்தப் பய மேனேஜர்ட்ட போனக் காட்டிச் சிரிச்சிட்டு இருந்தான். டீ குடுக்கப் போனவன் எட்டிப் பாத்தேன். ஒம் மொவந்தான் தெரிஞ்சிது. வீட்டுல வந்து ஜெயா முழுசாப் போட்டுக் காட்டுனா." கையை வேட்டியில் துடைத்தார். "ஒங்கப்பனா நடிச்சவன் நல்லா நடிச்சான். அந்தக் கழுத்தச் சொறியது மொதக்கொண்டு."

"பெறவு ஏன் அப்பாட்ட நீங்க சொல்லல?"

"என்னன்னு சொல்ல? ஒம் மவதான்னா? ஏட்டி, அவனுக்குக் கை போச்சு, வேல போச்சு. மிச்சம் இருக்கது சனிக்கெழம ஒம்பதர மணி. அதையும் எங்கையால பிடுங்கவா? எம்மேல கோவம்னா ரெண்டு வருசத்துல ஆறிரும். இல்லாட்டாலும் போவுது, வெளியாள்தானே நான். ஒம்மேலன்னா அவன் உள்ளயே செத்துருவான்."

"புளியங்குடிக்குப் போறேங்காவ. கல்யாணத்த நிறுத்தப் போறேங்காவ."

மாடன் சிரித்தார். "அவனா? வாய்தான் அப்படி. அவன் பேசி முடிச்ச கல்யாணத்த அவனே கலைப்பானா? ஆவணி பத்துல முகூர்த்தம், பந்தி பரிமாற அவந்தான் மொதல்ல நிப்பான், பாரு. நீ ஒண்ணும் சொல்லாத. சொல்லாம மெட்ராஸ் போயிச் சேரு."

வெட்கத்தைச் சொல்லத்தான் வேண்டும்: ஆவுடைத்தாய்க்கு நிம்மதியாக இருந்தது. தான் சுமக்க வேண்டியதை இன்னொருவர் சுமக்கிறேன் என்கிறார், கேட்காமலே. கண்ணீர் வந்தது, அது உண்மைதான். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் கேட்டபோது வசனத்தைச் சொன்னாள்.

வீட்டில் அம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருந்தாள். அப்பா இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். பருக்கை சிந்தியது. யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். "நாளைக்கு பஸ்ல போகாண்டாம்பா. நாளன்னைக்கு நான் கார் சொல்லுதேன், சேந்தே போவோம்" என்றாள். இரண்டு நாள் கிடைத்தால் ஏதாவது வழி செய்துவிடலாம் என்று கணக்கு. அப்பா தலையை ஆட்டினார். ரயில் அலுப்பில் சுருண்டு படுத்தவள் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

எழுந்தபோது அம்மா விளக்கேற்றிவிட்டுப் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா கொல்லைப்பக்கமிருந்து போனோடு உள்ளே வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"காரெல்லாம் எதுக்கு வீணா? போன்லயே சொல்லிட்டேன் சுடலைமுத்து அண்ணாச்சிட்ட. மொதல்ல தயங்குனாவ. வெவரமாச் சொன்னேன். அப்பச் சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டாவ."

அவள் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எப்பா, மாடன் சித்தப்பா சொல்லல. நாந்தாஞ் சொன்னேன்."

"எத?"

"எல்லாத்தையும். டிவில."

பீடித்தட்டில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. அந்தக் கை நின்று அவள் பார்த்ததில்லை.

வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாமல் போனில் ஏழாவது பாகத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடது கையில் பிடித்துப் பார்த்தார். தலைமாட்டில் நின்று ஒரு நடிகன் பேசினான். எந்தூரு தம்பி, என்ன வெள்ளாமை, மருமவன் குடிக்கானா. கழுத்தைச் சொறிந்தான். நல்லதம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏயப்பா, என்னைய மாதிரியே பேசுதாம்ட்டி! சங்கரம்மா, இங்க பாரு இவன!" என்றார். பிறகு இன்னொருத்தன் ஓசைப்படாமல் வந்து முதுகில் கையை வைத்தான். படுத்திருந்த சம்யுக்தா மேடத்தின் தலை மெதுவாகத் திரும்பியது. ஒரு கண், பிறகு மற்றக் கண். சிரிப்பு. போனுக்குள் யாரோ கூட்டமாகக் கைதட்டிச் சிரித்தார்கள்.

"இன்னொரு மட்டம் போடு" என்றார்.

போட்டாள். மூன்று முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நல்லா நடிச்சிருக்க" என்றார். "ரொம்ப நல்லா நடிச்சிருக்கட்டி."

புளியங்குடிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஐந்தாவது தடவை எடுத்தார்கள். ஸ்பீக்கரில் சுடலைமுத்துவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"என்ன அண்ணாச்சி இது? இப்பத்தான் ஒண்ணு சொன்னிய, இப்ப வேறொண்ணு சொல்லுதிய. நாங்க அவுகளுக்கு அப்பமே போன் பண்ணிச் சொல்லிட்டோம்லா. எம் பொஞ்சாதி பிடிவாதமா நிக்கா. வாக்கு மாறுத எடத்துல பொண்ணெடுக்காண்டாங்கா. இனிமே இதப் பேசாதிய."

சங்கரம்மாள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மகளை அடிப்பாள் என்றுதான் ஆவுடைத்தாய் நினைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்கப்பன பண்பொழிக்கு அனுப்பிவச்சியே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்று மட்டும் சொன்னாள். "மலை ஏறி மூச்சு வாங்கி, ஒம் பேருக்கு அர்ச்சன பண்ணிட்டு வந்தாவ. மறுநாளு, எண்ண தேய்க்க கதையில ஒங்க மவ கலக்கிட்டான்னு தெருவுல சொன்னாவ. எம் மவ நம்ம தொழில மறக்கலன்னு எவ்வளவு சந்தோசப்பட்டாவ தெரியுமா."

காலையில் நல்லதம்பி மாடன் வீட்டுக்குப் புறப்பட்டார். வெள்ளைச் சட்டைக்குள் இடது கையால் வலது கையை நுழைத்துக்கொண்டு பொத்தானோடு தடுமாறினார். ஆவுடைத்தாய் போட்டுவிடப் போனாள். அவர் திரும்பி அடுப்படிக்குப் போய் மனைவியின் முன்னால் நின்றார். அவள் போட்டுவிட்டாள்.

வா என்று அவர் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. சாரலில் பத்தடி விட்டுப் பின்னால் நடந்தாள். இரண்டே தெரு. டீக்கடையில் நின்றவர்கள் கையசைத்தார்கள்.

கதவைத் திறந்தது ஜெயபிரியா. தென்காசி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண். கடைக்குப் போகச் சேலை கட்டியிருந்தாள், ஆனால் போகிறவள் மாதிரி இல்லை. கண் வீங்கியிருந்தது.

"ஏட்டி ஜெயா, அப்பன் இருக்கானா?"

"படுத்துருக்காவ பெரியப்பா. நேத்து போன் வந்ததுல இருந்து எந்திரிக்கல. நீங்க உள்ள போங்க."

நல்லதம்பி உள்ளே போனார். வாசலில் நின்றவளுக்கு எல்லாம் தெரிந்தது. மாடன் சுவரைப் பார்த்துப் பாயில் படுத்திருந்தார். நல்லதம்பி பழக்கத்தில் தலைமாட்டில் போய் நின்றார். "ஏல மாடா" என்றார். எந்த ஊர்க்காரனையும் பேசிப் பேசித் தூங்கவைத்த வாய் திறந்தபடி நின்றது. கொஞ்சம் கழித்து, "தப்புப் பண்ணிட்டம்ல. எந்திரில" என்றார். மாடன் திரும்பிப் பார்க்கவில்லை. நல்லதம்பி மெல்லக் குனிந்து தரையில் உட்கார்ந்து, இடது கையை அவர் முதுகில் வைத்தார். ஒற்றைக் கையால் தேய்க்க ஆரம்பித்தார். முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று தெரிந்தது. அப்போதும் மாடன் திரும்பவில்லை.

ஆவுடைத்தாய் செருப்பைக் கழற்றினாள்.

"நீங்க நில்லுங்கக்கா" என்றாள் ஜெயபிரியா. கதவில் கையை வைத்திருந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு ஒண்ணு வேணும். ஊருல கேக்கவுகளுக்கெல்லாம் சொல்லுதியளாமே. எனக்கும் அந்த வசனத்த ஒரு மட்டம் சொல்லுங்க."

"ஜெயா, நான்..."

"சொல்லுங்கக்கா."

ஆவுடைத்தாய் மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் கேட்டவுடன் செய்து செய்து பழகிய உடம்பு அவளைக் கேட்காமலே அதன் வேலையைச் செய்தது. தலை இடப்பக்கமாய் மெல்லச் சாய்ந்தது, மூடிய உதடு கடைவாய் வரை போனது. நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

ஜெயபிரியா அதைக் கடைசிவரை பார்த்தாள். "ஆமா, இதேதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.